சீனாச்சட்டி

கொல்லம் மெயிலில் வந்து இறங்கும்போதெல்லாம் மாமாவின் கையில் எங்களுக்கென்று ஏதாவது இருக்கும். ஒரு வருஷம் ஜாமெட்ரி பாக்ஸ், இன்னொரு வருஷம் பம்பாய் அல்வா. 1986 மே மாதம் ராஜபாளையம் ஸ்டேஷனில் இறங்கியபோது ஒரு பெட்டியும் நாலாக மடித்த ஒரு வாரப் பத்திரிகையும்தான். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறக்கிற வரைக்கும் நானும் அக்காவும் பொறுமையாக உட்கார்ந்திருந்தோம். அடியில் கிடந்த வேட்டி வரைக்கும் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை.

“இந்தத் தடவை கொண்டுவந்தது பெட்டியில இல்லடா, இங்க இருக்கு” என்று மாமா நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினார்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து, அம்மா வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் வேலை பார்த்த கம்பெனியில் வருஷக் கணக்கு முடித்த சந்தோஷத்தில் மேனேஜர் எல்லாரையும் மவுண்ட் ரோட்டில் ஒரு சைனீஸ் ஓட்டலுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். நூடுல்ஸ், சூப்பு எல்லாம் மாமாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கடைசியில் வந்த இனிப்புதான் ஆளை அடித்துப்போட்டுவிட்டது.

“வாழைப்பழத்தை மாவுல முக்கி எண்ணெயில போடுறான். சரி, நம்ம பஜ்ஜி. அதை எடுத்துச் சீனிப்பாகுல புரட்டுறான், எள்ளு தூவுறான். அப்புறம் மேசைக்குக் கொண்டாந்து, நம்ம கண்ணு முன்னாடி ஐஸ் தண்ணிக்குள்ள விடுறான். ரெண்டு செகண்டு. வெளிய எடுத்தா மேல கண்ணாடி! கடிச்சா மொதல்ல கண்ணாடி உடையுது, அடுத்தாப்ல மாவு மொறுமொறுங்குது, உள்ள பழம் கொதிக்கக் கொதிக்க இருக்கு. தொட்டுக்கிட ஒரு கரண்டி ஐஸ்கிரீம்.”

“பழத்தைப் போயி யாராச்சும் எண்ணெயில போடுவாங்களா?” என்றாள் அம்மா. பழம் என்பது சாப்பாட்டுக்குப் பிறகு கையில் எடுத்து உரிப்பது. அதற்கு அடுப்பு எதற்கு என்பது அவள் கட்சி.

அப்பா முழு நைட்டு முடித்துவிட்டு வந்து, தூக்கமும் விழிப்புமாகச் சுவரோரம் படுத்திருந்தார். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “செங்கோட்டை தாண்டி புனலூருக்குப் போனா டீக்கடைக்கு டீக்கடை ஏத்தக்கா அப்பம்னு அடுக்கி வச்சிருக்கான். பழம்பொரி. அதைத் திங்கவா மாப்ள மெட்ராஸ் போன?”

மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. “அத்தான், அது வேற. அதுல கண்ணாடி ஏது?”

அன்றைக்கு ராத்திரி முழுக்க எனக்கு அந்தக் கண்ணாடிதான். தின்கிற கண்ணாடி.

மறுநாள் காலையில் மாமா ராஜபாளையம் கடைத்தெருவில் கார்ன்ஃப்ளவர் தேடிப் புறப்பட்டார். பின்னாலேயே நானும். மூன்று மளிகைக் கடை ஏறி இறங்கினோம். முதல் கடையில் கம்பு, கேப்பை பக்கத்தில் வைத்திருந்த சோள மாவைக் காட்டினார்கள். அது கூழுக்கு ஆகும். இரண்டாவது கடைக்காரர் சட்டைக்குக் கஞ்சி போடவா என்று கேட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, ஊரே நூலும் துணியுமாக இருக்கிற ஊர். 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை நிறுவியதிலிருந்து இங்கே ஒவ்வொரு தெருவும் ஏதாவது ஒரு மில்லின் சங்குச் சத்தத்துக்குத்தான் எழுந்து உலை வைத்தது. பக்கத்தில் சத்திரப்பட்டியில் வீட்டுக்கு வீடு தறி, ஆஸ்பத்திரிக்குப் பேண்டேஜ் துணி. மாவு என்றால் அவர்களுக்கு நூலுக்குக் காட்டும் கஞ்சி ஞாபகம்தான் முதலில் வரும். மூன்றாவது கடையில் ஒரு கஸ்டர்டு பவுடர் டின் கிடைத்தது. மாமா அதைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, “உள்ள இருக்கிறது அதேதான்டா. மஞ்சக் கலரும் வாசனையும் சேர்த்திருக்கான், அவ்வளவுதான்” என்றார். அது உண்மைதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

வீட்டில் கட்டிலுக்கடியில் வைக்கோல் பரப்பி அம்மா சப்பட்டை மாம்பழம் பழுக்க வைத்திருந்தாள். சப்பட்டை எங்கள் ஊர் மாம்பழம். பேருக்கேற்ற மாதிரி தட்டையாக, யாரோ பலகை போட்டு உட்கார்ந்து எழுந்த மாதிரி இருக்கும். மே மாதம் பிறந்தால் எல்லா வீட்டிலும் அந்த வாசனைதான். அதைப் பார்த்ததும் மாமாவுக்கு ஒரு யோசனை. “வாழைப்பழம் என்ன வாழைப்பழம், சப்பட்டையிலயே போடுவோம். சீனாக்காரனுக்குக்கூடத் தெரியாது.”

தெரியாமல் இல்லை, அவன் போடாததற்குக் காரணம் இருந்திருக்கிறது. ஸ்டவ்வில் எண்ணெய் காய்ந்ததும் மாமா முதல் துண்டை மாவில் முக்கிப் போட்டார். போட்ட வேகத்தில் மாவு தனியாகக் கழன்று மேலே மிதந்தது, மாம்பழம் தனியாக அடியில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்தது சும்மா இருக்கவில்லை. பழத்துச் சாறு எண்ணெயில் இறங்க இறங்கச் சட்டி சீனிவெடிக் கட்டாகப் படபடவென்று வெடித்தது. அக்கா நடுக்கூடத்துக்கு ஓடினாள். மாமா முறத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் அரித்து எடுத்தார்.

பாகு கதை இன்னும் மோசம். சீனியில் தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்து, அடிப்பிடித்துவிடுமோ என்ற பயத்தில் மாமா கரண்டியை வெளியே எடுக்கவே இல்லை. கிண்டிக்கொண்டே இருந்தார். கொதித்து, நுரைத்து, கண்ணாடியாகும் என்று நாங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வெள்ளை வெளேரென்று மணலாகிவிட்டது. போட்ட சீனியே திரும்பி வந்து சட்டியில் உட்கார்ந்துகொண்டது. மறுபடி தண்ணீர், மறுபடி கொதி. இந்தத் தடவை கரண்டியை எடுத்துவிட்டார், ஆனால் கண்ணையும் எடுத்துவிட்டார். கருகல் நெடி வீடு முழுக்கப் பரவி, பகல் தூக்கத்திலிருந்த அப்பா வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்தார்.

“மில்லுலதான் தீப்பிடிச்சிருச்சோன்னு நெனச்சேன் மாப்ள.”

அவ்வளவும் ரேஷன் சீனி. அம்மா வாயைத் திறக்கவில்லை, டப்பாவின் மூடியை மட்டும் சத்தம் வர அழுத்தி மூடினாள். மாவு தனி, பழம் தனியாகக் கிடந்ததை அக்கா தின்றுவிட்டு “நல்லாத்தான் இருக்கு மாமா” என்றாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயசு. ஒருத்தர் மனசு நோகக் கூடாது என்பதற்காக எண்ணெய் குடித்த மாம்பழத்தைத் தின்கிற குணம் இன்றைக்கும் அவளிடம் போகவில்லை.

ராத்திரி பாத்திரம் தேய்த்து முடித்துவிட்டு வந்து அம்மா சொன்னாள், “பாகு வேணும்னா நீ மெட்ராஸ்ல படிச்சு என்ன தம்பி, அம்மாகிட்டதான் போகணும்.”

அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. காலையிலேயே எல்லாரும் பஸ் ஏறினோம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பதினோரு கிலோமீட்டர் சொச்சம். மேற்கே மலை கூடவே வரும். மாமா மடியில் ஒரு சீப்புப் பச்சைப்பழம், அம்மா மடியில் கஸ்டர்டு டின், என் மடியில் ஒன்றுமில்லாததால் ஜன்னல். ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தென்னை மரங்களுக்கு மேலே கோபுரம் தெரிந்துவிடும். பதினொரு நிலை, 192 அடி என்பதைப் படிக்கத் தெரிவதற்கு முன்பே எங்களுக்கு மனப்பாடம் செய்துவைத்தது ஆச்சிதான். ஏதோ அவளே கொத்தனாரோடு நின்று கட்டி முடித்த மாதிரி சொல்வாள்.

ஆச்சி வீடு ரத வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது. மாமா ஓட்டல் கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னார். ஆச்சி குறுக்கே பேசாமல், கையில் அரிவாள்மணையும் கத்தரிக்காயுமாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும் மூன்றே கேள்வி.

“பழம் என்ன பழம்?”

மாமா பச்சைப்பழத்தைக் காட்டினார். ஆச்சி பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். “இது எண்ணெயில போனா கூழுதான்.”

“பாகு என்ன பதம்?”

“அது… கண்ணாடி மாதிரிம்மா.”

“மாவுல முட்டை உண்டா?”

மாமா சீலிங்கைப் பார்த்தார். சைனீஸ் ஓட்டலில் முட்டை இல்லாமல் எது உண்டு. ஆனால் அந்த வீட்டுக்குள் முட்டை என்ற சொல்லே அன்றைக்குத்தான் முதல் முறையாக வந்தது என்று நினைக்கிறேன். “இல்லாமலும் செய்யலாம்” என்று மெதுவாகச் சொன்னார். “அப்ப சரி” என்று ஆச்சி எழுந்தாள்.

உள் அறையில் கயிற்றில் ஒரு நாட்டுவாழைத்தார் தொங்கியது. அதில் காம்புப் பக்கம் இன்னும் பச்சை மாறாத, முக்காலும் பழுத்த பழமாக ஆச்சி பத்துப் பன்னிரண்டு பறித்தாள். கஸ்டர்டு டின்னை முகர்ந்து பார்த்துவிட்டு, வாசனைச் சோப்பு மாதிரி இருக்கிறது என்று அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தாள். மைதா ஒரு பங்கு, அரிசி மாவு அரைப் பங்கு, ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை, உப்பு, மண்பானைத் தண்ணீர். “தண்ணி சில்லுன்னு இருந்தாத்தான் மாவு எண்ணெய் குடிக்காது” என்றாள். பழத்தை நீளவாக்கில் பிளந்து, இரண்டாக நறுக்கி, மாவில் முக்குவதற்கு முன்னால் உலர்ந்த அரிசி மாவில் ஒரு புரட்டு. அதுதான் மாமாவுக்குத் தெரியாமல் போன சூட்சுமம். ஈரப் பழத்தில் மாவு பிடிக்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். நடுவில் உலர்மாவு ஒரு தோலாக நின்றால் பிடித்துக்கொள்ளும். மாம்பழக் கதையை அக்கா சொன்னபோது ஆச்சி சிரித்த சிரிப்பில் மாவுக் கை ஆடியது. “அது அழுகுற பழம்ட்டி. எண்ணெயில எப்படி நிக்கும்?”

எங்களுக்கு இட்ட வேலை ஐஸ். கடைத்தெருவில் நன்னாரி சர்பத் கடைக்காரர் பெரிய ஐஸ் பாளத்தை மரத்தூளில் புதைத்துச் சாக்குப் போட்டு மூடி வைத்திருப்பார். உளியால் தட்டிக் கொடுத்தார். தூக்குவாளியில் வாங்கி, மேலே ஈரச் சாக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு, மே மாதத்து வெயிலில் நானும் அக்காவும் ஓடிவந்தோம். வழியில் ஐஸ்கிரீம் பற்றி அக்காவுக்குத்தான் ஞாபகம் வந்தது. அதற்கு எங்கே போவது? மாமா கொடுத்தனுப்பிய காசில் மிச்சம் இருந்தது. கோயில் பக்கத்துக் கடையில் அப்போதுதான் கிண்டி இறக்கிய பால்கோவா, இன்னும் சூடு ஆறவில்லை. கால் கிலோ வாங்கிவிட்டோம். ஒரு கையில் ஐஸ், இன்னொரு கையில் சுடச்சுடப் பால்கோவா. 2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த இடது கைச் சூடுதான்.

நாங்கள் வந்தபோது ஆச்சி பாகு அடுப்பில் இருந்தாள். கறுத்து, மினுமினுத்து, இரண்டு காது வைத்த இரும்புச் சட்டி. சீனாச்சட்டி என்போம். அன்றைக்குத்தான் மாமா அந்தப் பேரைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். “சீனாச்சட்டி! சீனி! எல்லாம் அவன் பேருதான்மா” என்றார். ஆச்சி அதில் ஆச்சரியம் எதுவும் காட்டவில்லை. “சட்டியும் சீனியும் வந்தாச்சு. பலகாரம் மட்டும் வராம எங்க போகும்?”

சீனி, தண்ணீர், நாலு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு. கரண்டி இல்லை. “கிண்டினா பூத்துப்போகும். சும்மா விடு, அதுக்குத் தெரியும்.” சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து எப்போதாவது ஒரு சுழற்று மட்டும் சுழற்றினாள். நுரை பெரிதாக இருந்து சின்னதாகியது. சத்தம் மாறியது. இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தண்ணீர் இருக்கும் வரைக்கும் பாகு தளதளவென்று பேசுகிறது, தண்ணீர் வற்றியதும் குரல் தடித்து, மெதுவாகி, முணுமுணுக்கிறது. ஆச்சி அடுப்பைப் பார்க்கவே இல்லை, மாமாவிடம் மெட்ராஸ் தண்ணீர்க் கஷ்டம் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். குரல் மாறியதும் பேச்சை நிறுத்திவிட்டு, ஒரு சொட்டை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டாள். உருட்டி எடுத்துப் பித்தளைத் தட்டில் போட்டாள். ‘தொப்’.

“இன்னும் இல்ல.”

கொஞ்சம் கழித்து இன்னொரு சொட்டு. ‘தொக்’.

மூன்றாவது சொட்டு தட்டில் விழுந்தபோது ‘டங்’கென்று ஒரு சத்தம். சின்னக் கூழாங்கல் விழுந்த மாதிரி. கார்த்திகைப் பொரி உருண்டைக்கு வெல்லப்பாகு எடுக்கும்போது கேட்டுப் பழகிய அதே சத்தம். மாமா எழுந்தே நின்றுவிட்டார். “இதுதான்மா! இதுதான் கண்ணாடி!”

“இதுக்கா மெட்ராஸ்ல மேசை போட்டு உக்கார வச்சாங்க?” என்றாள் ஆச்சி.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம். அம்மா பக்கத்து அடுப்பில் பொரித்து எடுத்துப் போட, ஆச்சி பாகில் புரட்ட, மாமா எள்ளைத் தூவ, அக்கா தட்டில் எண்ணெய் தடவ. இரண்டு துண்டு ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது, பாகு இறுகினால் திரும்ப வராது. மாமா ஒரு துண்டை ஊசிக்கம்பியில் குத்தித் தூக்கினார். சட்டியிலிருந்து அதன் பின்னாலேயே பொன்னிறத்தில் ஒரு இழை எழுந்து வந்தது. தூக்கத் தூக்க மெலிந்து, காற்றில் மிதந்து, அறுந்து, என் முழங்கையில் ஒட்டிக்கொண்டது. வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா அப்போதுதான் முதல் தடவையாக எழுந்து கிட்டே வந்தார். ஸ்பின்னிங்கில் இருபது வருஷம் நூலைப் பார்த்த கண்.

“அறுபதாம் நம்பர் ஓடும்போல இருக்கே மாப்ள” என்றார்.

வட சீனத்தில், ஷான்டாங் பக்கத்துச் சமையலில், இந்தப் பலகாரத்துக்கு ‘பா ஸ’ என்று பேர் என்பதை எத்தனையோ வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன். பட்டு இழை இழுப்பது என்று அர்த்தமாம். ஆப்பிள், வாழைப்பழம், சீனிக்கிழங்கு எல்லாவற்றிலும் செய்கிறார்கள். மேசையில் ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர் வைத்து, சாப்பிடுகிறவர்களே இழையோடு இழுத்து அதில் முக்கிக்கொள்கிறார்கள். நூல் மில்காரர் ஒருவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்த பேர் அங்கே அந்தச் சமையலுக்கே பேராக இருக்கிறது. இன்னொன்றும் படித்தேன். வங்காளத்தில் முதலில் குடியேறிய சீனர் என்று சொல்லப்படுகிற அச்சு என்பவர், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், கல்கத்தாவுக்குத் தெற்கே பட்ஜ் பட்ஜ் பக்கம் நிலம் பெற்றுக் கரும்பு போட்டுச் சீனி ஆலை வைத்தவர். அந்த ஊருக்கு இன்றைக்கும் அச்சிப்பூர் என்றுதான் பேர். மாமா இருந்திருந்தால் இதைச் சொல்லியே ஒரு சாயங்காலத்தை ஓட்டியிருப்பார்.

ஐஸ் தண்ணீர் வேலை என்னுடையது. ஐஸ் பாதி கரைந்திருந்தாலும் தண்ணீர் கையை வெட்டியது. மாமா துண்டை உள்ளே விட்டதும் ‘ஸ்ஸ்’ என்று ஒரு மூச்சு, உள்ளேயே மணி உடைவது மாதிரி ‘டிக் டிக்’ என்று சின்னச் சத்தங்கள். வெளியே எடுத்தபோது அது பழமில்லை, கடை விளக்கு வெளிச்சத்தில் வைத்த நகை. முதல் துண்டு எனக்குத்தான். கடித்தேன். மாமா சொன்ன வரிசையிலேயே எல்லாம் நடந்தது, ஒன்றைத் தவிர. பழம் கொதிக்கும் என்பதை அவர் சொன்னபோது நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. நாக்கு வெந்து, கண்ணில் தண்ணீர் வந்து, துப்பவும் மனசில்லாமல் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தேன். அம்மா பால்கோவாவை அள்ளி வாயில் வைத்தாள். ஐஸ்கிரீம் செய்கிற வேலையைப் பால்கோவா செய்யாது, அது குளிர்ச்சிக்கு வைப்பது. ஆனால் பாகின் லேசான கசப்பும் நாட்டுப்பழத்தின் புளிப்பும் திரண்ட பாலும் நாக்கில் ஒன்றாகச் சேர்ந்தபோது, நான் பிறகு மூன்று ஊர்களில் காசு கொடுத்துச் சாப்பிட்ட வெனிலா ஐஸ்கிரீம் சங்கதி எதுவும் அதற்குப் பக்கத்தில் வரவில்லை. இதில் எனக்குப் பட்சபாதம் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆச்சிக்கு முன்பல் இரண்டுதான் உறுதி. கண்ணாடியைக் கடிக்கிற யோசனையே அவளுக்கு இல்லை. தன் பங்கை ஒரு சின்னத் தட்டில் போட்டுத் தள்ளி வைத்துவிட்டு, கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். அதற்குள் பாகு ஈரம் வாங்கி இளகி, மாவு பதத்துப்போய், துண்டு குலோப்ஜாமுன் மாதிரி ஊறிக் கிடந்தது. நாங்கள் பாய்ந்து பாய்ந்து செய்த அத்தனை மொறுமொறுப்பும் போயே போச்சு. அதை நிதானமாகக் கரண்டியால் வெட்டித் தின்றுவிட்டு, “பரவால்ல, சீனாக்காரனுக்கு நாக்கு இருக்கு” என்றாள். மாமாவுக்கு அது போதுமானதாக இருந்தது. மெட்ராஸில் மேனேஜர் கொடுத்த போனஸைவிட அதைத்தான் அவர் பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நான் இப்போதும் எப்போதாவது வீட்டில் செய்கிறேன். என் பையன் பாகில் வைக்கிற வெப்பமானி ஒன்று வாங்கித் தந்திருக்கிறான். 150 டிகிரியைத் தொட்டால் கண்ணாடிப் பதம் என்று அது காட்டும். நான் அதையும் வைத்துவிட்டு, எதற்கும் ஒரு சொட்டைத் தட்டில் போட்டும் பார்ப்பேன்.

அன்றைக்குச் சட்டியின் அடியில் இரண்டு விரல் கனத்துக்குப் பாகு இறுகிப்போய்ப் பிடித்திருந்தது. கரண்டியால் தட்டினால் கரண்டிதான் வளைந்தது. மாமா சுரண்டிப் பார்த்துவிட்டுக் குற்ற உணர்வோடு, “ஊற வச்சுத் தேச்சுத் தாறேம்மா” என்றார். ஆச்சி சட்டியை அவர் கையிலிருந்து வாங்கி, மறுபடியும் அடுப்பில் ஏற்றி, நாலு செம்பு தண்ணீர் ஊற்றினாள். கொதிக்கக் கொதிக்கக் கண்ணாடி மறுபடியும் சீனியாகிக் கரைந்து, தண்ணீர் தேன் நிறமானது. அதிலேயே காப்பித்தூளைப் போட்டு இறக்கி, துணியில் வடிகட்டி, எங்கள் எல்லாருக்கும் கடுங்காப்பி கொடுத்தாள். லேசாகக் கருகல் வாசனை அடித்தது. அப்பா இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கினார். சட்டி தேய்க்காமலே சுத்தமாகியிருந்தது.